நடுவில் உள்ள காந்தமற்ற அடுக்கு என்ன செய்கிறது? – வன்தட்டின் படிப்புமுனை குறித்து

கொழிஞ்சாம்பாறை டீச்சர் | திங்கள், இரவு 8.40

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில் தமிழ்வழி மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் கற்பித்து வருகிறேன். காந்தவியல் பாடத்தை முடித்தபின், பழுதான வன்தட்டு (ஹார்ட் டிஸ்க்) ஒன்றை மேசைமேல் பிரித்துவைத்து, அது தகவலை எப்படிப் படிக்கிறது என்று ஒரு மணி நேரம் பேசுவது என் வழக்கம். பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும் மாணவர்கள் அதை விரும்பிக் கேட்கிறார்கள். இந்த ஆண்டு அந்த வகுப்புக்காக எழுதிய குறிப்பை இங்கே தருகிறேன். பிழையிருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

தட்டிலுள்ள காந்தப் பதிவைப் படிக்கும் படிப்புமுனையில் இரண்டு காந்த அடுக்குகளும், அவற்றுக்கு நடுவே காந்தத்தன்மை இல்லாத உலோக அடுக்கு ஒன்றும் உள்ளன. இரு காந்த அடுக்குகளும் ஒரே திசையில் காந்தமேறியிருந்தால் மின்தடை குறைவு. எதிரெதிர்த் திசையில் இருந்தால் மின்தடை அதிகம். இதை விளக்க ஜி.எஸ்.டி.க்கு முந்தைய வாளையாரை உவமையாகச் சொல்கிறேன். அந்நாளில் சோதனைச்சாவடியில் லாரிகள் வரிசைகட்டி நின்றதை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். ஒரே சாலையில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சாவடிகள் இருப்பதாகவும், லாரிகளில் இரண்டு வகை இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு சாவடியும் ஒரு வகையை விரைவாக விட்டுவிட்டு மற்ற வகையை நிறுத்திவைக்கும். இரண்டு சாவடிகளும் ஒரே வகைக்குச் சலுகை காட்டினால், அந்த வகை லாரிகள் தடையின்றிப் போய்விடும். முதல் சாவடி ஒரு வகைக்கும் இரண்டாவது சாவடி மற்ற வகைக்கும் சலுகை காட்டினால், இரு வகையும் ஏதேனும் ஓரிடத்தில் சிக்கிக்கொள்ளும். லாரிகள் எலக்ட்ரான்கள், இரண்டு வகை என்பது எலக்ட்ரானை ஒரு சிறு காந்தம்போல ஆக்கும் ‘ஸ்பின்’ என்ற பண்பின் இரு திசைகள்.

கணக்காகவும் காட்டலாம். சலுகை பெற்ற வகைக்கு ஓர் அடுக்கில் 1 ஓம், மற்றதற்கு 4 ஓம் என்று கொள்வோம். ஒரே திசை என்றால் ஒரு வகைக்கு மொத்தம் 2 ஓம், மற்றதற்கு 8 ஓம்; இரண்டும் பக்க இணைப்பில் 1.6 ஓம். எதிர்த்திசை என்றால் இரு வகைக்கும் தலா 5 ஓம். பக்க இணைப்பில் 2.5 ஓம். 1.6-இலிருந்து 2.5-க்கு ஏறுவது 56 விழுக்காட்டுக்கு மேற்பட்ட மாற்றம்.

குறிப்பின் கடைசி வரியை இப்படி எழுதியிருக்கிறேன்: “1988-இல் கண்டறியப்பட்ட இந்த மாபெரும் மாற்றம் பழைய முனைகளின் மாற்றத்தைவிடப் பல மடங்கு பெரியது, அதனால்தான் வன்தட்டின் கொள்ளளவு பெருகியது.” இந்த வரியைப் படித்த மாணவி ஒருத்தி, “நடுவில் இருக்கும் அடுக்கு வெறும் இடைவெளிதானா? அதற்குப் பதில் காற்று இருந்தால் ஆகாதா?” என்று கேட்டாள். நான் தந்த விடை எனக்கே நிறைவளிக்கவில்லை.

மென்படல ஆய்வாளர், திருப்பதி | திங்கள், இரவு 10.15

டீச்சர், சாவடி உவமை மிக நன்று, கணக்கும் சரி. ஸ்பின் வகைப்படி மின்னோட்டம் இரண்டு தனி ஓடைகளாகப் பிரிந்து ஓடுகிறது என்ற கருத்தை இயற்பியலாளர் மாட் 1936-இலேயே முன்வைத்தார். 1960-களின் இறுதியில் ஃபெர்ட்டும் கேம்பெல்லும் நிக்கலில் வேறு உலோகங்களைச் சிறிதளவு கலந்து அளந்து, அதை ஆய்வுக்கூடத்தில் உறுதிசெய்தார்கள். அதே ஆல்பர்ட் ஃபெர்ட்தான் இருபது ஆண்டுகளுக்குப்பின் அடுக்குப் படலங்களுக்கு வந்து சேர்ந்தார்.

மாணவியின் கேள்விக்கு வருகிறேன். நடுவடுக்கு இரண்டு நிபந்தனைகளை ஒருசேர நிறைவேற்ற வேண்டும். முதலாவது, முதல் காந்த அடுக்கிலிருந்து கிளம்பிய எலக்ட்ரான் தன் ஸ்பின்னை மறக்காமலும், வழியில் மோதிச் சிதறாமலும் இரண்டாவது அடுக்கைச் சென்றடைய வேண்டும். உலோகப் படலங்களில் எலக்ட்ரான் மோதலின்றிச் செல்லும் சராசரித் தொலைவு சில நானோமீட்டரிலிருந்து பத்து நானோமீட்டர் வரைதான். ஆகவே நடுவடுக்கு அதைவிட மெலிதாக இருக்க வேண்டும். இரண்டாவது, இரு காந்த அடுக்குகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டால் ஒரே காந்தமாகிவிடும். எதிர்த்திசை நிலையே கிடைக்காது. அவற்றைப் பிரிக்க வேண்டும், ஆனால் எலக்ட்ரானுக்கு வழியும் விட வேண்டும். காற்று இருந்தால் பிரிவு கிடைக்கும், வழி கிடைக்காது.

இதற்கு மேலும் ஒரு பணி நடுவடுக்குக்கு உண்டு. ஜெர்மனியின் யூலிஷ் ஆய்வு மையத்தில் பீட்டர் குருன்பெர்க்கின் குழு 1986-இல் கண்டது அதுதான். இரும்பு–குரோமியம்–இரும்பு என்ற மூவடுக்கில், குரோமியம் தகுந்த தடிமனில் இருந்தால், வெளிப்புலம் ஏதுமில்லாமலே இரு இரும்பு அடுக்குகளும் தாமாக எதிரெதிர்த் திசையில் நிற்கின்றன. காந்தமற்றதாகத் தோன்றும் உலோகம் இரண்டு காந்தங்களுக்கிடையே செய்தி கடத்துகிறது என்று சொல்லலாம். 1990-இல் ஐபிஎம்மின் அல்மடென் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் பார்க்கினும் அவருடன் பணியாற்றியவர்களும், தடிமனைச் சிறிது சிறிதாகக் கூட்டினால் இந்தப் பிணைப்பு எதிர்த்திசை, ஒரே திசை, மீண்டும் எதிர்த்திசை என்று அலைபோல மாறிமாறி வருவதைக் காட்டினார்கள். ஏறத்தாழ ஒரு நானோமீட்டர் தடிமனுக்குள் நடக்கும் மாற்றம் இது. இதற்குமேல் மெல்லிய ஓர் எல்லைக்கோட்டை நான் வேறெங்கும் கண்டதில்லை.

உவமையில் ஒரு திருத்தம் மட்டும் தேவை. லாரி இரண்டு சாவடிகளையும் நேர்க்குறுக்காகக் கடப்பது, மின்னோட்டம் அடுக்குகளுக்குச் செங்குத்தாகப் பாயும் அமைப்புக்கே பொருந்தும். முதல் தலைமுறை முனைகளில் மின்னோட்டம் அடுக்குகளின் நெடுகே, பக்கவாட்டில் ஓடியது. அங்கே எலக்ட்ரான்கள் ஓட்டத்தின்போது இரண்டு அடுக்குகளுக்குள்ளும் மாறிமாறி அலைந்தபடி செல்கின்றன. அந்த அலைச்சலுக்காகவே அடுக்குகள் மெலிதாக இருக்க வேண்டியிருந்தது.

ஆனால் உங்கள் குறிப்பின் கடைசி வரியோடு எனக்கு உடன்பாடில்லை. அதை நாளை விரிவாக எழுதுகிறேன்.

மறையூர் பிளஸ் டூ மாணவி | செவ்வாய், மாலை 5.30

டீச்சருக்கும் ஆய்வாளர் அண்ணாவுக்கும் வணக்கம். நான் இடுக்கி மாவட்டம் மறையூரில் படிக்கிறேன். 1988-ஆம் ஆண்டுச் சோதனையில் மின்தடை “பாதியாகக் குறைந்தது” என்று ஒரு நூலிலும் “80 விழுக்காடு மாறியது” என்று இன்னொன்றிலும் படித்தேன். இரண்டும் ஒரே சோதனையைப் பற்றித்தான் சொல்கின்றன. எது சரி?

கொழிஞ்சாம்பாறை டீச்சர் | செவ்வாய், இரவு 7.50

மாணவிக்கு: இரண்டும் சரி, எதனால் வகுக்கிறோம் என்பதில்தான் வேறுபாடு. எடுத்துக்காட்டாக, 100 ஓம் இருந்த படலம் காந்தப்புலத்தில் 55 ஓமுக்கு இறங்கியதாக வைத்துக்கொள். குறைந்தது 45 ஓம். தொடக்கத்தில் இருந்த 100-ஆல் வகுத்தால் 45 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ பாதி. இறுதியில் உள்ள 55-ஆல் வகுத்தால் 82 விழுக்காடு. இத்துறையில் சிறிய மின்தடையால் வகுப்பதே பழக்கமாகிவிட்டது. அதனால்தான் 100 விழுக்காட்டுக்கு மேற்பட்ட எண்களையும் நீ பார்ப்பாய். மின்தடை சுழியத்துக்குக் கீழே போய்விட்டது என்று அதற்குப் பொருளில்லை. விழுக்காட்டைப் பார்த்தவுடன் “எதில் இத்தனை விழுக்காடு?” என்று கேட்டுக்கொள்வது நல்லது, சரியாகத்தான் கேட்டிருக்கிறாய்.

சூலூர்ப்பேட்டை வாசகர் | செவ்வாய், இரவு 9.05

நான் ஓய்வுபெற்ற தொழில்நுட்பப் பணியாளன். 1980-களில் ஒரு கணிப்பொறி நிலையத்தில் அரை அங்குலக் காந்த நாடாக்களைக் கையாண்டேன். ஒன்பது தடங்கள் கொண்ட அந்த நாடாக்களில் ஓர் அங்குலத்தில் முதலில் 800 எழுத்துகள், பின்னர் 1600, அதற்குப்பின் 6250 என்று பதிவு அடர்த்தி ஏறிக்கொண்டே போனது. இங்கே பேசப்படும் புதிய முனைகளின் அருமை முழுவதும் விளங்க வேண்டுமானால், பழைய முனை எப்படி வேலைசெய்தது என்பதைப் பிள்ளைகளுக்கு முதலில் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

அக்காலத்து முனை ஒரு சுருள். எழுதுவதும் படிப்பதும் பெரும்பாலும் ஒரே அமைப்பு. படிக்கும்போது ஃபாரடே விதிதான் வேலைசெய்தது: சுருளினூடே செல்லும் காந்தப்பாயம் மாறும் வேகத்துக்கு ஏற்ப மின்னழுத்தம் எழும். நாடா வேகமாக ஓடினால் சைகை பெரிது, மெதுவாக ஓடினால் சிறிது, நின்றுவிட்டால் ஒன்றுமில்லை. நாடாவின் ஓட்டம் தளர்ந்தபோது அலைகாட்டியின் திரையில் அலை வற்றிப்போவதைப் பலமுறை கண்ணால் பார்த்திருக்கிறேன். காந்தம் அங்கேயேதான் இருக்கும், பதிவும் அப்படியே இருக்கும். ஆனால் முனைக்கு அது தெரியாது.

வன்தட்டுக்கும் இந்தச் சிக்கல் வந்தது. 1956-இல் ஐபிஎம் கொண்டுவந்த ராமக் என்ற வன்தட்டு இயந்திரத்தில் 24 அங்குல விட்டமுள்ள தட்டுகள் ஐம்பது இருந்தன. மொத்தக் கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். பின்னர்த் தட்டு 14 அங்குலம், ஐந்தே கால் அங்குலம், மூன்றரை அங்குலம் என்று சுருங்கியது. விட்டம் சுருங்கினால், அதே சுழற்சியில் முனைக்குக் கீழே தட்டு நகரும் வேகமும் குறையும். அத்துடன் ஒவ்வொரு பிட்டின் பரப்பும் சுருங்குவதால் அது வெளிவிடும் காந்தப்பாயமும் குறையும். இப்படி இரண்டு பக்கமும் நெருக்கினால் சுருள் என்ன செய்யும்? காந்தப்புலம் மாறும் வேகத்தைப் பார்க்காமல், புலத்தையே நேரடியாகப் பார்க்கும் ஒன்று தேவைப்பட்டது. மின்தடை மாற்றத்தின் உண்மையான சிறப்பு அதில்தான் இருக்கிறது. வேகம் எதுவாக இருந்தாலும் அது புலத்துக்கு விடை சொல்லும்.

மென்படல ஆய்வாளர், திருப்பதி | செவ்வாய், இரவு 11.20

ஐயா சொன்னது நான் எழுத நினைத்ததற்குச் சரியான முன்னுரையாக அமைந்துவிட்டது. காந்தப்புலத்தில் உலோகத்தின் மின்தடை மாறுவதை வில்லியம் தாம்சன், அதாவது பின்னாளில் கெல்வின் பிரபு, 1850-களிலேயே இரும்பிலும் நிக்கலிலும் கண்டார். மின்னோட்டத்துக்கும் காந்தத் திசைக்கும் இடையிலுள்ள கோணத்தைப் பொறுத்த மாற்றம் அது. பெர்மல்லாய் என்னும் நிக்கல்–இரும்புக் கலவைப் படலத்தில் இரண்டு, மூன்று விழுக்காடுதான். அந்தச் சிறு மாற்றத்தைப் பயன்படுத்தியே ஐபிஎம் 1991-இல் வன்தட்டுகளுக்கு மின்தடை முனையைக் கொண்டுவந்தது. எழுதுவதற்குச் சுருளும் படிப்பதற்குத் தனி உணரியும் என்று வேலை பிரிந்தது அப்போதுதான்.

இப்போது டீச்சரின் கடைசி வரி. 1988-இல் பாரிஸுக்கு அருகில் ஓர்சேயில் ஃபெர்ட்டின் குழு அளந்த படலத்தில், 3 நானோமீட்டர் இரும்பும் 0.9 நானோமீட்டர் குரோமியமும் அறுபது முறை அடுக்கப்பட்டிருந்தன. 0.9 நானோமீட்டர் என்றால் குரோமியத்தில் ஆறு அணுத்தளங்கள். மின்தடை ஏறத்தாழ பாதியானது உண்மை. ஆனால் எந்த நிலைமையில்? படலம் 4.2 கெல்வினில், திரவ ஹீலியத்தின் குளிரில் இருந்தது. எதிர்த்திசையில் பிணைந்திருந்த அடுக்குகளை ஒரே திசைக்குத் திருப்ப 2 டெஸ்லா அளவுக்குப் புலம் தேவைப்பட்டது. வன்தட்டின் ஒரு பிட்டிலிருந்து படிப்புமுனைக்கு எட்டும் புலம் மில்லிடெஸ்லாக்களில் அளக்கப்படுவது. டெஸ்லாக் கணக்கில் புலம் கேட்கும் படலத்திடம் அந்தப் பிட்டைக் கொண்டுபோய்க் காட்டினால் அதன் மின்தடை அசையவே அசையாது. அந்தப் படலம் கண்டுபிடிப்பாக மகத்தானது. உணரியாக அதை முனையில் வைக்க இயலாது.

குருன்பெர்க்கின் மூவடுக்கு அறை வெப்பநிலையில் காட்டிய மாற்றம் 1.5 விழுக்காடுதான். இருவருக்கும் 2007-இல் இயற்பியல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. எண்ணை மட்டும் பார்த்தால் ஒன்று யானை, மற்றொன்று எறும்பு. ஆனால் இரண்டும் ஒரே உண்மைதான்.

அந்த உண்மையை முனைக்குள் கொண்டுவந்தது ஸ்பின் வால்வு என்ற அமைப்பு. ஐபிஎம்மில் பெர்னார் தியெனியும் அவருடன் பணியாற்றியவர்களும் 1991-இல் அதை வெளியிட்டார்கள். இரண்டு பெர்மல்லாய் அடுக்குகளுக்கு நடுவே செம்பு. செம்பின் தடிமன் இரு காந்தங்களும் ஒன்றையொன்று ஏறக்குறையக் கட்டுப்படுத்தாத அளவுக்கு விடப்பட்டது. ஒரு காந்த அடுக்கை மட்டும் இரும்பு–மாங்கனீசு அடுக்கோடு ஒட்டி அதன் திசை அசையாமல் பூட்டினார்கள். மற்றது கட்டற்றது. மாற்றம் 5 விழுக்காட்டளவுதான். ஆனால் அது ஒரு மில்லிடெஸ்லா அளவிலான புலத்திலேயே, அறை வெப்பநிலையிலேயே கிடைத்தது. ஆகவே கேட்க வேண்டியது, எவ்வளவு மாறுகிறது என்பதோடு, எவ்வளவு சிறிய புலத்துக்கு மாறுகிறது என்பதும்கூட. என்னைக் கேட்டால் இரண்டாவது கேள்வியே பெரியது.

கொழிஞ்சாம்பாறை டீச்சர் | புதன், காலை 6.15

இதைப் படித்தபின் என் கடைசி வரியை எடுத்துவிட்டேன். பல ஆண்டுகளாக அதைத்தான் கரும்பலகையில் எழுதிவந்தேன் என்பதை நினைக்க வருத்தமாக இருக்கிறது.

இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. இரும்பு–மாங்கனீசு போன்ற ஒன்றை ஒட்டியவுடன் காந்தத்தின் திசை ஏன் பூட்டப்படுகிறது? பூட்டுவதற்கு வலிமையான நிலைக்காந்தம் ஒன்றையே பயன்படுத்தியிருக்கலாமே?

மென்படல ஆய்வாளர், திருப்பதி | புதன், பகல் 1.10

டீச்சர், நிலைக்காந்தத்தை வைத்தால் அதன் புலம் வெளியே பரவி, சில நானோமீட்டர் தொலைவில் இருக்கும் கட்டற்ற அடுக்கையும் இழுத்துவிடும். பூட்டும் அடுக்கு உறுதியாக இருக்க வேண்டும். ஆனால் வெளியே தன் இருப்பைக் காட்டக் கூடாது. இப்படிப்பட்ட பொருளே எதிர்ப்ஃபெரோகாந்தம். அதில் அடுத்தடுத்த அணுக்களின் சிறு காந்தங்கள் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால், மொத்தத்தில் அது வெளியே புலம் விடுவதில்லை. வெளியிலிருந்து வரும் புலமும் அதை எளிதில் அசைக்க முடியாது. அதன் மேற்பரப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஃபெரோகாந்த (இரும்புபோன்ற வழக்கமான காந்த) அடுக்கின் அணுக்கள், தம்மைத் தொடும் அணுக்களோடு பிணைந்துவிடுகின்றன. இந்தப் பிணைப்பை 1956-இல் மைக்கிள்ஜானும் பீனும் கோபால்ட் ஆக்சைடு போர்த்திய கோபால்ட் துகள்களில் கண்டார்கள். அப்போது அதற்குப் பயன் ஏதும் தெரியவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் காத்திருந்து, படிப்புமுனைக்குள் அது தன் இடத்தைக் கண்டுகொண்டது.

திசையைப் பூட்டும் முறை இது: படலத்தை வலிமையான காந்தப்புலத்தில் வைத்துச் சூடாக்கி, புலத்தை எடுக்காமலே ஆறவிடுவார்கள். ஆறும்போது எதிர்ப்ஃபெரோகாந்தம் அந்தத் திசையை உள்வாங்கி இறுகிவிடும். பிற்காலத்தில் இரும்பு–மாங்கனீசுக்குப் பதிலாக வெப்பத்தை நன்கு தாங்கும் பிளாட்டினம்–மாங்கனீசும் இரிடியம்–மாங்கனீசும் வந்தன.

பூட்டப்பட்ட ஃபெரோகாந்த அடுக்கும் தன் பங்குக்குக் கொஞ்சம் புலத்தைக் கசியவிடும் அல்லவா? அதற்கும் தீர்வு கண்டார்கள். அந்த அடுக்கை இரண்டாகப் பிரித்து, நடுவே 0.8 நானோமீட்டர் அளவில் ருத்தேனியம் வைத்தால், இரண்டு பாதிகளும் எதிரெதிர்த் திசையில் நின்று ஒன்றன் கசிவை மற்றது அடைத்துவிடும். குருன்பெர்க் 1986-இல் குரோமியத்தில் கண்டதும், பார்க்கின் ருத்தேனியத்தில் அலையாக அளந்ததுமான அதே பிணைப்புதான் இது. உங்கள் மாணவி கேட்ட கேள்விக்கு இன்னும் நிறைவான விடை இங்கே இருக்கிறது. ஒரே முனைக்குள் இரண்டு காந்தமற்ற அடுக்குகள் உள்ளன: செம்பு காந்தங்களைப் பிரித்துவைக்கிறது, ருத்தேனியம் கட்டிவைக்கிறது.

மறையூர் பிளஸ் டூ மாணவி | புதன், மாலை 6.00

கட்டற்ற அடுக்கு, புலம் இல்லாதபோது எந்தத் திசையில் நிற்கும் அண்ணா? பூட்டிய அடுக்கின் திசையிலேயே நின்றால், பிட் ஒரு பக்கம் இழுக்கும்போது மாற்றம் தெரியாதே?

மென்படல ஆய்வாளர், திருப்பதி | புதன், இரவு 8.30

மிகச் சரியாகப் பிடித்துவிட்டாய். ஓய்வில் கட்டற்ற அடுக்கைப் பூட்டிய அடுக்குக்குச் செங்கோணத்தில் நிறுத்துவார்கள். மின்தடை இரண்டுக்கும் இடையிலுள்ள கோணத்தின் கொசைனைப் பொறுத்து மாறுகிறது. கொசைன் வளைகோட்டை வரைந்து பார்: 0 பாகையிலும் 180 பாகையிலும் அது தட்டையாக இருக்கிறது, சிறிது திரும்பினாலும் மதிப்பு மாறுவதில்லை. 90 பாகையில்தான் சரிவு மிக அதிகம். அங்கே கோடு ஏறக்குறைய நேராகவும் இருக்கிறது. ஒரு பக்கம் திரும்பினால் மின்தடை ஏறும், மறுபக்கம் திரும்பினால் இறங்கும். இதனால் பிட்டின் திசை தெரிவதுடன், சைகையும் உருக்குலையாமல் வருகிறது. கட்டற்ற அடுக்கின் இரு ஓரங்களிலும் சிறிய நிலைக்காந்தப் படலங்களை வைத்து, அது பல துண்டுகளாகச் சிதறாமல் ஒரே காந்தமாக நின்று திரும்புமாறு செய்கிறார்கள். சிதறினால் திரும்பும்போது இரைச்சல் வரும்.

வட்டு மீட்பு, பாலக்காடு | புதன், இரவு 9.40

இந்த இழையைத் தொடக்கத்திலிருந்தே ஆர்வத்துடன் படித்துக்கொண்டிருந்தேன். இதில் நடைமுறை சார்ந்த ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். பாலக்காட்டில் பழுதான வன்தட்டுகளிலிருந்து தகவல் மீட்கும் வேலை செய்கிறேன். எங்கள் பேச்சில் இந்த முனைக்கு ‘ஹெட்’ என்றுதான் பெயர். தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு ஹெட் நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காகச் சாதாரண மல்டிமீட்டரை அதன் இணைப்புப் புள்ளிகளில் வைத்தேன். மீட்டர் ஒரு மதிப்பைக் காட்டியது. ஆனால் அதற்குப்பின் அந்த ஹெட் படிக்கவே இல்லை. அரிசி ஆலை ஒன்றின் பல ஆண்டுக் கணக்கு அந்தத் தட்டில் இருந்தது. வேறு ஹெட் தேடி மாற்றி, பெரும்பகுதியை மீட்க ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. அன்று எனக்கு விளங்காதது இந்த இழையில் விளங்கியது: சில நானோமீட்டர் தடிமனுள்ள உலோகம் எவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்கும் என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

நிலைமின்னும் இதே சேதத்தைச் செய்யும். கணவாய்க் காற்று வறண்டு வீசும் மார்கழி, தை மாதங்களில் மணிக்கட்டில் தரையிணைப்புப் பட்டை இல்லாமல் ஹெட்டைத் தொடுவதே இல்லை. சில ஹெட்கள் முழுதும் எரிந்துபோகாமல், சைகை குறைந்தோ தலைகீழாகவோ வருவதுண்டு. அதற்குக் காரணம் என்ன என்று ஆய்வாளர் சார் சொல்ல வேண்டும்.

மென்படல ஆய்வாளர், திருப்பதி | வியாழன், காலை 7.45

நீங்கள் சொல்வது நன்கு அறியப்பட்ட சேதம். நிலைமின் துடிப்பு ஒரு கணம் படலத்தைச் சூடாக்குகிறது. எதிர்ப்ஃபெரோகாந்தத்தின் பிடி தளரும் வெப்பநிலை வரை அது சென்றால் பூட்டு திறந்துகொள்ளும். துடிப்பின் மின்னோட்டமே உண்டாக்கும் காந்தப்புலத்தில் பூட்டிய அடுக்கு தவறான திசைக்குத் திரும்பி, அப்படியே ஆறிவிடும். உலோகம் உருகுவதில்லை, மின்தடையும் ஏறத்தாழ அப்படியே இருக்கும். ஆனால் திசை போய்விட்டது. தொழிற்சாலையில் புலத்தில் வைத்துச் சூடாக்கிச் செய்ததை, ஒரு பொறி நொடியின் சிறு பகுதிக்குள் தவறாகச் செய்துவிடுகிறது.

சூலூர்ப்பேட்டை வாசகர் | வியாழன், இரவு 8.20

ஸ்பின் வால்வு முனையோடு ஐபிஎம் 1997 இறுதியில் வெளியிட்ட மேசைக்கணினி வட்டின் கொள்ளளவு 16.8 கிகாபைட். அந்தச் செய்தியைப் படித்தபோது நாங்கள் நாடா அலமாரிகளைக் கணக்கிட்டுப் பார்த்து வியந்தது நினைவிருக்கிறது.

அதற்குப்பின் வந்த டன்னல் முனைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நடுவில் உலோகத்துக்குப் பதிலாக மின்காப்பை வைப்பது அந்த வகை. 1995-இல் அறை வெப்பநிலையில் இதைத் தெளிவாகக் காட்டிய இரு குழுக்களில் ஒன்று ஜப்பானின் தொஹோக்கு பல்கலைக்கழகத்தில் மியாசாக்கியுடையது. மற்றொன்று அமெரிக்காவின் எம்ஐடியில் ஜகதீஷ் மூடேராவுடையது. மூடேரா மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் படித்து, சென்னை ஐஐடியில் 1978-இல் முனைவர் பட்டம் பெற்றவர். சென்னையில் படித்த ஒருவரின் கைவரிசை இந்த முனைகளில் இருக்கிறது என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மென்படல ஆய்வாளர், திருப்பதி | வியாழன், இரவு 10.50

ஐயாவுக்கு நன்றி. டன்னல் வகையை 1975-இல் ஜூலியேர் இரும்பு–ஜெர்மானியம்–கோபால்ட் அமைப்பில் 4.2 கெல்வினில் முதலில் அளந்தார், 14 விழுக்காடு. 1995-இல் அலுமினிய ஆக்சைடைக் காப்பாக வைத்த இரு குழுக்களும் அறை வெப்பநிலையில் பத்து, இருபது விழுக்காட்டுக்கிடையே எட்டினார்கள். சாவடி உவமை இங்கே செல்லாது, டீச்சர். இங்கே எலக்ட்ரான் மோதிச் செல்வதில்லை. காப்பை ஊடுருவி அப்பால் தோன்றுகிறது. அப்பக்கத்தில் அதன் ஸ்பின்னுக்கு ஏற்ற இடம் காலியாக இருக்கிறதா என்பதைப் பொறுத்தே ஓட்டம் அமையும்.

அலுமினிய ஆக்சைடு ஒழுங்கற்ற கண்ணாடிபோன்றது. அதற்குப் பதிலாக ஒழுங்கான படிகமாகிய மெக்னீசியம் ஆக்சைடை வைத்தால் மிகப் பெரிய மாற்றம் கிடைக்கும் என்று 2001-இல் இரண்டு கோட்பாட்டுக் குழுக்கள் கணக்கிட்டன. அந்தப் படிகம் ஒரு குறிப்பிட்ட சமச்சீர்மை கொண்ட எலக்ட்ரான் அலைகளை மட்டும் அதிகம் தேய்க்காமல் கடத்தும். இரும்பில், மின்னோட்டத்தைச் சுமக்கும் ஆற்றல் மட்டத்தில், அத்தகைய அலைகள் ஒரு ஸ்பின்னுக்கு மட்டுமே உள்ளன. 2004-இல் பார்க்கினும் ஜப்பானில் யுவாசாவும் தனித்தனியே ஏறத்தாழ 200 விழுக்காட்டை எட்டினார்கள். 2008-இல் தொஹோக்குவில் கோபால்ட்–இரும்பு–போரான் அடுக்குகளோடு அறை வெப்பநிலையில் 604 விழுக்காடு அறிவிக்கப்பட்டது. இதற்கிடையில், 2005-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே, டன்னல் முனைகள் வன்தட்டுச் சந்தைக்கு வந்துவிட்டன.

இந்த 604-ஐக் கண்டதும் முனையிலும் அது இருக்கும் என்று எண்ணத் தோன்றும். இங்கேயும் நம் பழைய பாடம்தான். முனையின் பரப்பு 40 நானோமீட்டருக்கு 40 நானோமீட்டர் என்று கொண்டால் 0.0016 சதுர மைக்ரோமீட்டர். ஒரு சதுர மைக்ரோமீட்டருக்கு 1 ஓம் தரும் படலமானால் இந்தப் பரப்பில் மின்தடை 625 ஓம். வேகமான மின்சுற்றோடு ஒத்துப்போகும். ஒரு சதுர மைக்ரோமீட்டருக்கே 1000 ஓம் தரும் தடித்த காப்பானால் 6,25,000 ஓம். இரைச்சல் ஏறும், வேகம் போகும், சைகை பயனற்றதாகும். மின்தடையைக் குறைக்கக் காப்பை ஒரு நானோமீட்டருக்கு, அதாவது ஐந்து அணுத்தளங்கள் அளவுக்கு மெலிதாக்கினால், விழுக்காடும் சேர்ந்தே இறங்குகிறது. பெரிய எண்ணை விட்டுக்கொடுத்துச் சிறிய மின்தடையை வாங்கிக்கொள்கிறார்கள்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர் | வெள்ளி, இரவு 7.30

இன்று வகுப்பில் இரண்டு திசைகாட்டி ஊசிகளை வைத்து நடத்திக் காட்டினேன். ஒன்றைப் பசையால் ஒட்டி அசையாமல் செய்தேன். மற்றதை அதற்குச் செங்கோணத்தில் நிற்கவிட்டு, சிறிய சட்டகாந்தத்தை அரை மீட்டர் தொலைவிலிருந்து மெல்லக் கொண்டுவந்தேன். காந்தம் அருகே வருவதற்கு முன்பே கட்டற்ற ஊசி திரும்பியதைப் பிள்ளைகள் பார்த்தார்கள். பிறகு இரண்டு ஊசிகளையும் பசையால் ஒட்டிவிட்டு, அதே காந்தத்தை ஊசியின்மேலேயே வைத்துக் காட்டினேன், அசைவில்லை. 1988-ஆம் ஆண்டுப் படலத்தை ஏன் முனையில் வைக்க முடியவில்லை என்பதற்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. சாவடி உவமையை வைத்துக்கொண்டேன். டன்னல் வகைக்கு அது பொருந்தாது என்பதையும் சொன்னேன்.

காற்றைப் பற்றிக் கேட்ட மாணவி, செம்பையும் ருத்தேனியத்தையும் எழுதிய வரிகளைத் தன் குறிப்பேட்டில் அப்படியே படியெடுத்துக்கொண்டாள். இப்போது அவள் கேட்பது, உண்மையான முனையைக் கண்ணால் பார்க்க முடியுமா என்பது.

வட்டு மீட்பு, பாலக்காடு | வெள்ளி, இரவு 9.15

டீச்சர், பயன்படாமல் போன ஹெட் தொகுதிகள் என்னிடம் நிறைய உள்ளன. ஹெட்டைத் தாங்கும் கையின் நுனியில் கறுப்பாகத் தெரியும் துண்டு, அதாவது காற்றில் மிதந்து செல்லும் ஸ்லைடர், இப்போதைய வட்டுகளில் 0.85 மில்லிமீட்டர் நீளமும் 0.7 மில்லிமீட்டர் அகலமும்தான். உங்கள் பள்ளி நுண்ணோக்கியில் அதன் மேற்பரப்பிலுள்ள பள்ளங்களும், பின்விளிம்பில் பொன்னிற இணைப்புப் புள்ளிகளும் தெரியும். உணரி அந்தப் பின்விளிம்பில்தான் இருக்கிறது. ஆனால் ஒளி நுண்ணோக்கிக்கு அது எட்டாது. நான்கு தொகுதிகளைப் பெட்டியில் வைத்துத் திங்கட்கிழமை சித்தூர் பேருந்தில் வரும் என் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன். பழுதானவை என்பதால் பிள்ளைகள் கையால் தொடலாம்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர் | வெள்ளி, இரவு 9.50

மிக்க நன்றி. திங்கள் காலை எட்டரை மணிக்குக் கொழிஞ்சாம்பாறைப் பேருந்து நிலையத்தில் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். முடிந்தால் பழைய சுருள் முனை ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள். இரண்டையும் ஒரே மேசையில் அருகருகே வைக்க விரும்புகிறேன்.